சபையில் வேலைக்குச் சேருகிறவர்கள் பி.எஃப். கணக்கு நம்பரைக் கேட்டு வாங்குங்கள்

ஒரு லட்சத்து நாலாயிரத்து நானூறு ரூபாய். பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) என்று சொல்லி என் சம்பளத்தில் பிடித்தார்கள், எங்கேயும் கட்டவில்லை. கோபம் ஆறிய பிறகு எழுதினால் பூசி மெழுகிவிடுவேன், அதனால் இப்போதே எழுதுகிறேன்.

சென்னைப் புறநகரில் ஒரு பெரிய சுயாதீன கிறிஸ்தவ சபை. பெயர் வேண்டாம். யூடியூப் நேரலை, மாதப் பத்திரிகை, ராத்திரி பகலாக ஜெப போன் என்று முப்பது பேருக்கு மேல் சம்பளத்துக்கு இருக்கிற இடம். நான் மீடியா ஊழியம். ஞாயிறு செய்தியை எடிட் செய்வது, வாக்குத்தத்த அட்டை டிசைன், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்கு கேமரா, எல்லாம் என் தலையில்தான்.

சேர்ந்த அன்று அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கேட்டேன். நிர்வாகி சிரித்தார். "இது கம்பெனியா தம்பி? குடும்பம்." உடனே பாஸ்டர் ஐயா அறைக்குக் கூட்டிப்போனார்கள். ஐயா என்னை முழங்காலில் நிற்க வைத்து, தலையில் எண்ணெய் பூசி, கண்ணீரோடு ஜெபித்தார். அந்த எண்ணெய் காதோரம் வழிந்துகொண்டிருக்கும்போது, "ஆர்டர் காப்பி எப்போது தருவீர்கள்?" என்று எவன் கேட்பான்?

ஆனால் மாதா மாதம் சம்பளச் சீட்டு மட்டும் ஒழுங்காக வந்தது. அடிப்படைச் சம்பளம் 15,000. அதில் 12 சதவீதம், பி.எஃப். பிடித்தம் 1,800. லெட்டர்பேடில் அச்சடித்து, சபை முத்திரை குத்தி, அடியில் ஒரு வசனமும் போட்டுத் தருவார்கள். 58 மாதம் பிடித்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள், 1,04,400. அவர்கள் தங்கள் பங்காகப் போட வேண்டியது தனி.

போன மாதம் திங்கட்கிழமை ஸ்டாஃப் ஜெபம் முடிந்ததும் கூப்பிட்டார்கள். "இங்கே உன் சீசன் முடிந்தது தம்பி, கர்த்தர் உனக்கு வேறு வாசலைத் திறக்கிறார்." வேறு காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஐயாவின் மருமகன் மீடியாவைப் பார்த்துக்கொள்ளப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்து வருஷம் முடிய இரண்டு மாதம்தான் பாக்கி. கிராஜுவிட்டி, அதாவது ஐந்து வருஷம் வேலை செய்தவர் போகும்போது கொடுக்க வேண்டிய பணிக்கொடை, அதைக் கேட்டுவிடக் கூடாதே என்ற கணக்கு அது. (நாலு வருஷமும் அதற்கு மேல் 240 நாளும் வேலை செய்திருந்தாலே ஐந்து வருஷமாக எடுத்துக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. அதை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன்.)

சரி, பி.எஃப். பணமாவது வரட்டும் என்று யு.ஏ.என். நம்பர் (பி.எஃப். கணக்கைப் பார்ப்பதற்கான நம்பர்) கேட்டேன். அக்கவுன்ட்ஸ் சிஸ்டர், "ஆடிட்டரைக் கேளுங்க பிரதர்" என்றார். ஆடிட்டர், "டிரஸ்ட்டில் கேளுங்க" என்றார். நிர்வாகியைக் கேட்டால், "ஐயா வெளிநாட்டு ஊழியத்தில் இருக்கிறார், வந்ததும் பேசுவோம்." அதே ஐயா அன்று சாயங்காலம் நேரலையில் இங்கே மேடையில் நிற்கிறார்! வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது. அப்புறம் ஸ்டாஃப் குரூப்பிலிருந்தே என்னைத் தூக்கிவிட்டார்கள்.

கடைசியில் பி.எஃப். ஆபீஸில் விசாரித்தேன். என் பெயரில் கணக்கே தொடங்கவில்லை. கணக்கு நம்பரே இல்லாமல் அந்த ஒரு லட்சத்து நாலாயிரத்து நானூறு ரூபாய் எங்கே போனது?

நேரில் போய் நின்றேன். நிர்வாகி சொன்ன பதிலைக் கேளுங்கள். "தம்பி, நீ ஊழியக்காரன். பி.எஃப். எல்லாம் வேலைக்காரங்களுக்கு." அப்படியானால் எதற்குப் பிடித்தீர்கள்? "அதை விதைத்ததாக நினைச்சுக்கோ, கர்த்தர் நூறத்தனையாய்த் தருவார்." ராத்திரி பன்னிரண்டு மணி வரை எடிட்டிங்கில் உட்கார வைக்கும்போது வேலைக்காரன், காசு கேட்டால் ஊழியக்காரன். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமத்தில் இருப்பதை இதே மேடையில் பிரசங்கித்தார்கள். அந்த வீடியோவை எடிட் செய்தவனே நான்தான்.

என் வீட்டுக்காரியிடம் மூப்பர் ஒருவர் போன் செய்து, அபிஷேகம் பெற்றவருக்கு விரோதமாகப் பேசினால் பிள்ளைகளுக்கு ஆகாது என்றாராம். என் பணத்தைக் கேட்டால் என் பிள்ளைக்குச் சாபமா?

சபை, மிஷன், டிரஸ்ட் எதில் சேர்ந்தாலும் முதல் மாதமே யு.ஏ.என். கேளுங்கள். மத்திய அரசின் உமங் ஆப்பில் பி.எஃப். பாஸ்புக் பாருங்கள், பணம் ஏறியிருக்க வேண்டும். 20 பேர் வேலை செய்கிற இடம் என்றால் பி.எஃப். சட்டம் இருக்கிறது. தொழிலாளியிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருப்பதைக் குற்றவியல் சட்டம் நம்பிக்கை மோசடி என்றே சொல்கிறது. சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்டும் எடுத்து வையுங்கள். ராஜினாமா கடிதம் எழுதிக் கொடு என்பார்கள், எழுதாதீர்கள்.

இன்னும் நிறைய எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை. சம்பளச் சீட்டுகளை நகலெடுத்துக்கொண்டு காலையில் ராயப்பேட்டை பி.எஃப். ஆபீஸுக்குப் போகிறேன். அதே சபையில் இப்போது வேலை செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்று ராத்திரியே உங்கள் பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள்.