இனேயா, தொமோவா? ஜப்பான் கடலோரத்தில் ஓர் அமைதியான ஊரைத் தேடுவோருக்கு

டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா எல்லாம் பார்த்தாகிவிட்டது, ஒன்றிரண்டு நாள் கையில் இருக்கிறது, கூட்டமில்லாத மீனவ ஊர் ஒன்றுக்குப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு அநேகமாக இரண்டு பெயர்கள்தான் காதில் விழும். ஒன்று இனே, இன்னொன்று தொமோனோஉரா. உள்ளூர்க்காரர்கள் பின்னதைச் சுருக்கமாகத் தொமோ என்பார்கள். இரண்டிலும் தங்கியிருக்கிறேன். புகைப்படத்தில் இரண்டும் அக்கா தங்கை மாதிரி இருக்கும்: கறுத்த மரச்சுவர், ஓட்டுக்கூரை, கரையில் கட்டிய படகு. நேரில் போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இரண்டையும் இப்படிப் பிரித்து வைத்தது கடல் ஓதம், அதாவது கடல் நீர்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. அதைப் புரிந்துகொண்டால் எந்த ஊர் நமக்கு என்பதும் தெரிந்துவிடும்.

இனே கியோட்டோ மாகாணத்தின் வடகோடியில், தாங்கோ தீபகற்பத்தில், ஜப்பான் கடலோரம் இருக்கிறது. அந்தக் கடலில் ஓதம் ஏறுவதும் வற்றுவதும் மிகக் குறைவு, அரை மீட்டருக்குள் அடங்கிவிடும். இனே விரிகுடா தெற்குப் பார்த்துத் திறந்திருப்பதால் குளிர்கால வடமேற்குக் காற்று நேராக அடிக்காது. போதாததற்கு விரிகுடாவின் வாயிலேயே ஆவோஷிமா என்ற சின்னத் தீவு உட்கார்ந்து அலையை மறித்துக்கொள்கிறது. இப்படி எல்லாம் கூடி வந்த இடம் என்பதால்தான் சுமார் 5 கிலோமீட்டர் கரை நெடுக ஏறத்தாழ 230 படகுக் கொட்டகைகள் தண்ணீரிலேயே கால் ஊன்றி நிற்கின்றன. அவற்றின் பெயர் ஃபுனாயா. கீழ்த்தளம் கடலுக்குள் சரிந்து இறங்கும், படகை அப்படியே உள்ளே இழுத்துவிடலாம். மேல்தளத்தில் முன்பு வலையும் கயிறும் காயப் போட்டார்கள். குடும்பம் குடியிருக்கும் பெரிய வீடு சாலைக்கு அந்தப் பக்கம், மலையடிவாரத்தில். 1930களில் சாலையை அகலப்படுத்தியபோதுதான் பல ஃபுனாயாக்கள் கடல் பக்கம் தள்ளி, இரண்டடுக்காக எழும்பின. 2005இல் அரசு இந்த ஊரை மரபுக் கட்டடப் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது. மீனவ ஊர் ஒன்றுக்கு அந்தத் தகுதி கிடைத்தது அதுவே முதல் முறை.

ஃபுனாயா ஒன்றின் மேல்தளத்தில் ஓர் இரவு படுத்திருந்தேன். பாய்க்குக் கீழே, பலகைக்குக் கீழே, தண்ணீர் கல்லைத் தொட்டுத் தொட்டுத் திரும்பும் சத்தம் விடிய விடியக் கேட்டது. காலையில் வீட்டுக்காரர் கீழே இறங்கி, வாசலில் கட்டியிருந்த கயிற்றை இழுத்து மீன்கூட்டைத் தூக்கினார். முந்தின நாள் சமைத்த மீனின் தலையும் முள்ளும்தான் இரை. உள்ளே விரல் நீளத்தில் நாலைந்து மீன்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கடலிலேயே விட்டார். நம் ராமநாதபுரக் கரையில் கூடு போடுகிறவர்கள் பார்த்தால் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஆனால் அந்த அமைதி தங்குபவருக்கு மட்டும்தான். ஊர் மக்கள்தொகை இரண்டாயிரம் அளவில். நண்பகலில் சுற்றுலாப் பேருந்துகள் வந்து நின்றதும் ஒற்றைச் சாலை நிரம்பிவிடுகிறது. இரண்டு ஃபுனாயாக்களுக்கு நடுவே கடல் தெரிகிற சந்தெல்லாம் யாரோ ஒருவருடைய வாசல். படம் எடுக்க ஒரு குடும்பம் விறுவிறுவென்று உள்ளே போனதைப் பார்த்தேன். வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, ஊசியைக் கீழே வைத்துவிட்டு அவர்கள் போகும்வரை காத்திருந்தார். எனக்குத்தான் நெஞ்சு கனத்தது. காலையில் வந்து மாலையில் திரும்புவதாக இருந்தால் இனேக்குப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

தொமோ ஹிரோஷிமா மாகாணத்தில், ஃபுகுயாமா நகரத்தின் தென்முனையில், செத்தோ உள்நாட்டுக் கடலோரம். இங்கே ஓதம்தான் ராஜா. கிழக்கே கீ நீரிணை வழியாகவும் மேற்கே புங்கோ நீரிணை வழியாகவும் உள்ளே வரும் ஓதம் தொமோவை ஒட்டித்தான் சந்தித்துத் திரும்புகிறது. பாய்மரக் காலத்தில் இதுவரை ஏறும் நீரோடு வந்து, பிறகு நீர் திரும்பும்வரை காத்திருந்து, வற்றும் நீரோடு மறுபக்கம் போவார்கள். ஊரே அந்தக் காத்திருப்பில் வளர்ந்தது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர்மட்டம் 3 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். அதனால்தான் துறைமுகத்தைச் சுற்றிக் கல் படித்துறை. நீர் எந்த மட்டத்தில் இருந்தாலும் ஏதாவது ஒரு படியில் படகு அணையும். அதன் பக்கத்தில் 1859இல் கட்டிய கல் விளக்குத்தூண். இரண்டும் இன்றும் அதே இடத்தில் நிற்கின்றன.

கண்டிப்பாகச் சொன்னால் தொமோ மீனவ ஊர் மட்டுமல்ல, வணிகத் துறைமுகமும்கூட. பதினாறு மூலிகை சேர்த்த ஹோமேஷு என்ற இனிப்பு மதுவை 1659 முதல் காய்ச்சி விற்ற ஊர். ஃபுகுசென்ஜி கோயிலின் கூடத்தில் உட்கார்ந்து தீவுகளைப் பார்த்த கொரியத் தூதுக்குழுவினர் 1711இல் ஜப்பானிலேயே இதுதான் முதன்மையான காட்சி என்று எழுதி வைத்தார்கள். மீன்பிடியும் ஓயவில்லை. சங்கரா மாதிரிச் செந்நிறமான தை மீனை வலை சுற்றிப் பிடிக்கும் பழைய முறையை மே மாதம் படகில் போய்ப் பார்க்கலாம். சந்துக் கடைகளில் நெபுத்தோ என்ற பொடிமீனை முழுசாகப் பொரித்துத் தருவார்கள். நம்மூர் நெத்திலி வறுவலை நினைத்துக்கொண்டு இரண்டாவது தட்டு வாங்கினேன்.

இந்தத் துறை தானாகத் தப்பவில்லை. 1983இல் துறைமுகத்தின் ஒரு பகுதியைத் தூர்த்துப் பாலம் கட்டத் திட்டம் வந்தது. சந்துகள் குறுகல், நெரிசல் தாங்கவில்லை, பாலம் வேண்டும் என்ற மக்களும் ஊருக்குள் இருந்தார்கள், அவர்கள் கஷ்டமும் உண்மையானது. எதிர்த்தவர்கள் 2007இல் வழக்குப் போட்டார்கள். 2009இல் ஹிரோஷிமா மாவட்ட நீதிமன்றம், காட்சியழகும் காக்கப்பட வேண்டிய நலன்தான் என்று ஏற்று, கடலைத் தூர்க்க அனுமதி தரக் கூடாதென்று தடுத்தது. 2012இல் ஆளுநரே திட்டத்தைக் கைவிட்டு, மலைப்பக்கம் சுரங்கப்பாதை என்ற வழிக்கு வந்தார். படித்துறையில் உட்காரும்போது இது நினைவில் இருந்தால் அந்தக் கல்லுக்கே வேறு மதிப்பு வருகிறது.

போக்குவரத்தில் தொமோவுக்குப் பக்கத்தில்கூட இனே வர முடியாது. ஒசாகாவிலிருந்து ஷின்கான்சென் அதிவேக ரயிலில் ஃபுகுயாமாவுக்குச் சுமார் ஒரு மணி நேரம், அங்கிருந்து பேருந்தில் அரை மணி. இனேக்குக் கியோட்டோவிலிருந்து அமானோஹஷிதாத்தே வரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ரயில், பிறகு ஒரு மணி நேரப் பேருந்து. ஜப்பான் ரயில்வேயின் நாடு தழுவிய பயணச்சீட்டான ஜேஆர் பாஸ் வைத்திருந்தாலும் அந்த ரயிலின் கடைசிப் பகுதி தனியார் தடம், அதற்குக் கூடுதல் கட்டணம் உண்டு. இரவில் இனேயில் சாப்பாடு கிடைப்பதும் சுலபமில்லை. படுக்கை மட்டும் தரும் ஃபுனாயாக்கள் பல, உணவகங்கள் குறைவு. அறை பதியும்போதே இரவு உணவையும் பதிந்துவிடுங்கள். சைவர்கள் இரண்டு ஊரிலும் முன்கூட்டியே எழுதிக் கேட்பது நல்லது. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு இருக்கும்.

பருவம் பற்றியும் சொல்ல வேண்டும். இனேயின் பெருமை குளிர்காலத்து புரி மீன், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கொழுத்திருக்கும். அதே மாதங்களில்தான் மழையும் பனியும். ‘சாப்பாட்டை மறந்தாலும் குடையை மறக்காதே’ என்பது தாங்கோ பக்கத்துச் சொலவடை. தொமோவில் வானம் பெரும்பாலும் தெளிவு.

கடலில் மூச்சடக்கிச் சங்கும் நத்தையும் எடுக்கும் ஆமா பெண்களைச் சந்திக்க ஆசை என்றால் இரண்டையும் விட்டுவிட்டு மியே மாகாணத்து தோபாவில் ஒசாத்சு என்ற ஊருக்குப் போங்கள். அங்கே ஊரழகைவிட மனிதர்கள்தான் முக்கியம். அடுப்பைச் சுற்றி அவர்களோடு உட்கார்ந்து சுட்ட சிப்பி சாப்பிடலாம்.

ஒரே ஒரு பகல், வயதான பெற்றோர், அல்லது முதல் பயணம் என்றால் தொமோ. இரண்டு நாள் கையில் இருந்து, இரவில் ஒன்றும் செய்யாமல் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க மனம் இருந்தால் இனே. எனக்கு ஒன்றுதான் என்றால் இனேயைத்தான் எடுப்பேன். ஆனால் தொமோவுக்குப் போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு நீர் வற்றியிருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். நான் போன அன்று பாசி படிந்த படிகள் எட்டு வெளியே தெரிந்தன. சாப்பிட்டுவிட்டு விளக்குத்தூணுக்குத் திரும்பி வந்தபோது மூன்றுதான் மிச்சம், கட்டியிருந்த படகுகள் தெருவின் மட்டத்துக்கு ஏறி வந்திருந்தன.