உதவி கேட்கும் வீட்டையும் தன்னார்வலரையும் இணைக்க: வாட்ஸாப் குழுவா, கூகுள் ஷீட்டா?

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் குடும்பங்களுக்கு உதவலாம் என்று பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தபோது, நாங்கள் முதலில் தொடங்கியது வாட்ஸாப் குழுதான். இப்போது கூகுள் ஃபார்முக்கும் (தேவையைப் பதிவு செய்யும் படிவம்) ஷீட்டுக்கும் (அந்தப் பதிவுகள் வந்து சேரும் அட்டவணை) மாறிவிட்டோம். இரண்டையும் பார்த்துவிட்டதால் சொல்கிறேன், என் ஓட்டு ஷீட்டுக்குத்தான்.

வாட்ஸாப்பின் வசதி எல்லாருக்கும் தெரிந்ததே. ஒரு குழுவில் 1024 பேர் வரை சேரலாம். எழுத வராதவர்கள் பேசி அனுப்பலாம். ராத்திரி பத்து மணிக்கு ரத்தம் தேவை என்றால் இன்றும் அங்கேதான் கேட்கிறோம்.

ஆனால் ஒரு நாள், பாவு (தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல்) வராமல் தறி நின்றுபோன ஒரு வீட்டுக்கு அரிசி வேண்டும் என்று செய்தி வந்தது. சாயங்காலத்துக்குள் மூன்று பேர் தனித்தனியாக மூட்டையை இறக்கிவிட்டார்கள். அதே நாள், டயாலிசிஸுக்காகக் கோவை போய்வர லைன் வீட்டு அக்கா ஒருவர் வண்டி கேட்டிருந்தார். "நான் பார்க்கறனுங்க" என்று ஒருவர் பதில் போட்டார், அதற்கு மேல் நாற்பது செய்திகள் வந்து விழுந்தன. வண்டி போகவில்லை. அந்த அக்கா பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருக்கிறார். தப்பு எங்களுடையதுதான், இன்னும் மனசு உறுத்துகிறது.

ஷீட்டில் ஒரு தேவைக்கு ஒரு வரி: என்ன வேண்டும், எந்த ஊர், யார் ஏற்றுக்கொண்டார், கிடைத்ததா. இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் நான் ஷீட் பக்கம் நிற்கிறேன். முதலில் பொருள் கொடுத்தவரே "முடிந்தது" என்று எழுதிவந்தார். அது போதாது என்று புரிய ஆறு மாதம் ஆனது. இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் உட்கார்ந்து அந்தந்த வீட்டுக்கே போன் போடுகிறார். "வந்து சேந்துச்சுங்களா? வேற ஏதாச்சும் வேணுங்களா?" வீட்டார் ஆமாம் என்ற பிறகே வரி பச்சையாகும். அரிசி கேட்ட வீட்டில் பிள்ளைக்கு ஸ்கூல் பீஸ் பாக்கி இருப்பதும் அந்தப் போனில்தான் தெரியவரும். வாரம் ஒரு மணி நேரம் இதற்கு ஆள் கிடைக்காத ஊர் என்றால் ஷீட் வேண்டாம், குழுவே போதும்.

இன்னொன்று, கூச்சம். நம் ஊரில் பட்டினி கிடந்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள். குழுவில் பெயர் போட்டால் சொந்தக்காரர் கண்ணில் பட்டுவிடும். எங்கள் ஷீட்டில் வீட்டுக்கு ஒரு எண்தான். பெயரும் போன் நம்பரும் இரண்டு பேர் மட்டும் பார்க்கும் வேறு கோப்பில் இருக்கின்றன. ஒரே கோப்பில் பெயர், நம்பர் உள்ள பகுதியை மட்டும் மறைத்து வைப்பது பாதுகாப்பல்ல, கோப்பைப் பிரதி எடுத்தால் தெரிந்துவிடும்.

ஃபார்மை வீட்டார் நிரப்புவது அபூர்வம். பட்டன் போனில் கூப்பிடுவார்கள், நாங்கள் நிரப்புவோம்.

இந்த வேலைக்கென்றே உள்ள தனி ஆப்பை நாங்கள் சில வாரங்களே பார்த்தோம், அதை வைத்து நல்லது கெட்டது சொல்வது நியாயமில்லை. ஒடிசா, பீகாரிலிருந்து வந்த குடும்பங்களுக்காக ஃபார்மை இந்தியிலும் வைத்தோம். அவர்கள் கஷ்டம் இன்னும் மளிகைக்கடை அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிகிறது.