மங்கிப்போன டெயில் லைட்: பேஸ்ட்டா, வாட்டர் பேப்பரா, புது லென்ஸா?

பழைய பியட், அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் பெயின்டுக்கும் குரோமுக்கும் காட்டுகிற அக்கறையில் கால் பங்குகூட டெயில் லைட்டுக்குக் காட்டுவதில்லை. முன்னால் பம்பர் முகம் பார்க்கிற மாதிரி மின்னும். பின்னால் போய்ப் பார்த்தால் சிவப்பு லென்ஸ் சாம்பல் பூத்துக் கிடக்கும். வேலூரில் இது அதிசயமில்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியை அலட்சியமாகத் தாண்டுகிற ஊர். ஷெட் இல்லாமல் தெருவில் நிற்கிற வண்டியின் மேல் வெயிலும் புழுதியும் மாறி மாறி விழுகின்றன. போதாததற்கு, போர் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே காயவிட்டால் உப்புக்கறை வேறு.

சரி, எப்படிச் சரிசெய்வது? ஆளுக்கொரு வழி சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வண்டிக்குச் சரியாக இருந்திருக்கும். உங்கள் வண்டிக்கு எது என்பதை முடிவுசெய்யும் முன் இரண்டு விஷயம் தெரிய வேண்டும்.

முதலாவது, லென்ஸ் எதனால் ஆனது என்பது. இப்போதைய கார்களின் ஹெட்லைட் மூடி பாலிகார்பனேட். அதன் மேல் ஒரு கடினமான பூச்சு இருக்கும். அந்தப் பூச்சு வெயிலில் போனதும் மஞ்சளாகும். டெயில் லைட் லென்ஸ் பெரும்பாலும் அக்ரிலிக். அதில் மேல்பூச்சு கிடையாது, சிவப்பு நிறம் பிளாஸ்டிக்கின் உடம்பு முழுக்கக் கலந்திருக்கிறது. ஆகவே ஹெட்லைட்டுக்கென்று விற்கிற கிட்டையும், அதற்குச் சொல்லப்படும் யோசனைகளையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. (நம் பழைய பியட்டில் ஹெட்லைட் கண்ணாடிதான், அந்தப் பேச்சே இல்லை.)

இரண்டாவது, மங்கல் எங்கே இருக்கிறது என்பது. இதற்கு ஒரு குவளைத் தண்ணீர் போதும். லென்ஸைக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு மேலே தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது நிறம் பளிச்சென்று வந்து, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், கோளாறு மேல்தோலில்தான். தேய்த்து எடுத்துவிடலாம். ஈரத்திலும் அதே மங்கல் என்றால் அழுக்கு உள்பக்கம் இருக்கிறது, அல்லது பிளாஸ்டிக்குக்குள்ளேயே மயிரிழை வெடிப்புகள் ஓடியிருக்கின்றன. சாயங்கால வெயிலில் லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் அந்த வெடிப்புகள் வெள்ளி நூல் மாதிரி தெரியும். ஆழமாகப் போயிருந்தால் எந்தத் தேய்ப்பும் அதற்கு உதவாது.

பல் தேய்க்கிற பேஸ்ட்டை முதலில் பார்த்துவிடலாம், எல்லோர் வீட்டிலும் இருக்கிற பண்டம் அதுதான். அதில் இருக்கிற நைசான சுண்ணாம்புத் தூளோ சிலிக்காவோ மெல்லிய உரசலைத் தருகிறது. லேசான கறை, உப்புப்படிவு என்றால் போகும். கீறல் போகாது. அதே வேலையை, பெயின்டை மெருகேற்றப் பயன்படுத்துகிற உரசல் பசையான ரப்பிங் காம்பவுண்ட் பாதி நேரத்தில் செய்துவிடும் என்பதால், பேஸ்ட்டை நான் ஒரு வழியாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஏதோ ஒரு ஸ்பிரேயை அடித்ததும் பளபளக்கிறது என்று காட்டுகிறார்களே, அது தண்ணீர் ஊற்றிப் பார்த்த அதே சங்கதிதான். எண்ணெய் கீறலுக்குள் போய் உட்கார்ந்து மறைக்கிறது. அடுத்த மழையில் வேஷம் கலையும்.

காம்பவுண்டா, தண்ணீரில் நனைத்துத் தேய்க்கிற உரசல் தாளான வாட்டர் பேப்பரா? உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். விரல் நகத்தை லென்ஸின் மேல் குறுக்கே இழுங்கள். எங்கும் தட்டவில்லையா, காம்பவுண்ட் மட்டும் போதும். பருத்தித் துணியில் சிறிது எடுத்து, சின்னச் சின்ன வட்டமாகக் கையாலேயே தேய்க்கலாம். துணியில் சிவப்பு ஒட்டும். பதற வேண்டாம், செத்துப்போன மேல்தோல் கழன்று வருகிறது, அவ்வளவுதான். கீழே இருப்பதும் அதே சிவப்பு.

நகம் தட்டினால் காம்பவுண்டோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. வாட்டர் பேப்பருக்குப் போய்விடுங்கள். 1000-ஆம் நம்பரில் தொடங்கி 1500, பிறகு 2000; நம்பர் ஏற ஏறப் பேப்பர் நைசாகும். ஒரு பேப்பரில் இடம் வலமாகத் தேய்த்தால் அடுத்ததில் மேலும் கீழுமாகத் தேய்க்க வேண்டும். முந்தைய கோடுகள் முழுக்க மறைந்துவிட்டனவா என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி இல்லை. வாளித் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு விட்டு, பேப்பரை அதில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். இளஞ்சிவப்புச் சேறு வழிந்துகொண்டே இருக்கும். 1000 முடிந்து துடைத்தால் லென்ஸ் பழையதைவிட மோசமாக, பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி போல, வெள்ளையாக நிற்கும். இந்தக் கட்டத்தில் பலர் கைவிட்டுவிடுகிறார்கள். 2000 முடிந்து காம்பவுண்ட் ஏறும்போதுதான் நிறம் திரும்ப வரும்.

வேலையைக் காலையில் வெயில் ஏறுமுன் வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் காம்பவுண்ட் தடவின கணத்தில் காய்ந்து கட்டியாகும். நேரம் மிச்சம் என்று டிரில்லில் பஃபிங் பேட் மாட்டுகிறவர்கள் வேகத்தைக் குறைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். அக்ரிலிக் 100 டிகிரியை ஒட்டி இளகத் தொடங்கிவிடும், உரசல் சூடு அந்த இடத்துக்குச் சட்டென்று போய்விடும். இரண்டு லென்ஸுக்குக் கையே தாராளம். மேலே வரிவரியாக மேடு இருக்கிற லென்ஸ் என்றால் பேப்பர் உள்ளே போகாது, பழைய டூத் பிரஷ்ஷில் காம்பவுண்டைத் தொட்டுத் தேய்க்கலாம்.

தேய்க்கும் முன் தின்னரில் துடைத்துவிடலாமே என்று ஒருவர் டிங்கரிங் கடையில் கேட்டதற்கு அங்கிருந்த பெரியவர் சொன்ன பதில் எனக்குப் போதுமானது: “அத்த மட்டும் பண்ணாத நைனா. இன்னிக்கி பளபளன்னு இருக்கும், நாளைக்கிப் பாரு, வலை மாரி வெடிப்பு வுட்டுடும்.” தின்னர், அசிட்டோன், பெட்ரோல், சானிடைசர் எதுவுமே பழைய அக்ரிலிக்குக்கு ஆகாது. சோப்புத் தண்ணீர்தான்.

அடுத்த வாதம், மேலே 2கே கிளியர் (ஹார்டனர் கலந்து அடிக்கிற நிறமில்லாத பூச்சு) அடித்துவிட்டால் பல வருஷம் வரும் என்பது. அடிக்கத் தெரிந்தவர் அடித்தால் வரும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு வாசலில் வேண்டாம் என்பேன். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் என்கிற ரசாயனம் இருக்கிறது. கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற சமாச்சாரம் இல்லை, நுரையீரலுக்கு ஆபத்து. கிளியரில் இருக்கிற கரைப்பானும் பழைய லென்ஸை வெடிக்கவைக்கலாம். அது உரியத் தொடங்கினால் மொத்தத்தையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஹெட்லைட்டில் போன பூச்சுக்குப் பதில் ஒரு பூச்சு தேவை, சரி. இல்லாத பூச்சை டெயில் லைட்டுக்குப் புதிதாகப் போடுவானேன்? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கார் வாக்ஸ் தடவினால் போதும். சிவப்பு ஃபிலிம் ஒட்டுவது பகலில் அழகாக இருக்கும், ராத்திரியில் இருக்கிற வெளிச்சத்தையும் தின்னும்.

புது லென்ஸ் எப்போது? உடைந்திருந்தால், வெடிப்பு ஆழமாக இருந்தால், அல்லது தேய்த்த பிறகும் சிவப்பு ஆரஞ்சாகவே நின்றால். சென்னை புதுப்பேட்டையில் தேடினால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய லென்ஸைக் கையோடு எடுத்துப் போங்கள், மாடலுக்கு மாடல் ஸ்க்ரூ ஓட்டை மாறும். டூப்ளிகேட்டின் சிவப்பு ஒரிஜினலோடு ஒத்துப்போகாது. மாற்றினால் ஜோடியாக மாற்ற வேண்டும். வெடிப்பில்லாத ஒரிஜினலைக் கழற்றி எறிவது எனக்கு மனசு வராத காரியம். அதன் பிளாஸ்டிக்கின் கனமும் மேலே பொறித்த கம்பெனி முத்திரையும் புதிதில் வராது.

இவ்வளவும் பேசிய பிறகு ஒன்று சொல்ல வேண்டும். வெளிச்சம் குறைவு என்பதுதான் உங்கள் புகார் என்றால், தேய்ப்பதற்கு முன் லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். பல வண்டிகளில் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். உள்பக்கம் குளவிக்கூடு, செம்மண், துருத்தூள். லென்ஸின் உள்பக்க வரிகளைச் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து பிரஷ்ஷால் கழுவினால் போதும், பேப்பர் உள்ளே படவே கூடாது. பின்னால் வருகிற வண்டியின் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிற ரிஃப்ளெக்டர் பகுதி அந்தச் சின்னச் சின்ன முகங்களை நம்பித்தான் வேலை செய்கிறது. பல்புக்குப் பின்னால் இருக்கிற தகட்டில் வெள்ளிப்பூச்சு போயிருந்தால் துருவைச் சுரண்டிவிட்டுப் பளிச்சென்ற சில்வர் பெயின்ட் அடியுங்கள்.

அப்புறம் எர்த், அதாவது பல்பின் மின்சாரம் வண்டியின் பாடி வழியாகத் திரும்புகிற இணைப்பு. பல்ப் ஹோல்டர் பாடியோடு சேருகிற இடம் துருவேறினால் பல்புக்கு முழு வோல்டேஜ் போகாது. 10 சதவீதம் வோல்டேஜ் விழுந்தால் சாதாரண பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் விழும். ஒரு துண்டு எமரி பேப்பரில் முடிகிற இந்த வேலை தருகிற வித்தியாசத்தை எந்த காம்பவுண்டும் தராது. திரும்ப மாட்டும்போது ரப்பர் கேஸ்கெட் காய்ந்து நொறுங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஐப்பசி மழை உள்ளே குடியேறும். ஸ்க்ரூவை லென்ஸ் அசையாத அளவுக்கு முடுக்கினால் போதும், பலம் காட்டினால் மூலை விரியும்.

எல்.இ.டி. போடலாமா என்று கேட்பவர்களுக்கு: சிவப்பு லென்ஸுக்குள் வெள்ளை எல்.இ.டி. வேண்டாம், சிவப்பு எல்.இ.டி. வாங்குங்கள். லென்ஸ் சிவப்பை மட்டுமே வெளியே விடும், வெள்ளையின் மிச்சமெல்லாம் வீண். வழக்கமான 21/5 வாட் பல்பில் 21 வாட் இழை பிரேக்குக்கு, 5 வாட் இழை டெயிலுக்கு. எல்.இ.டி.யிலும் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று கடையிலேயே எரித்துப் பார்த்து வாங்க வேண்டும். இண்டிகேட்டருக்கும் போட்டால், அதைச் சிமிட்டவைக்கிற பழைய ஃபிளாஷர் ஒழுங்காக வேலை செய்யாது, அதையும் மாற்ற வேண்டிவரும். பிரேக், டெயிலோடு நிறுத்திக்கொண்டால் அந்தச் செலவு இல்லை.