துருப்பிடித்த கருவிகளும் எலுமிச்சை உப்பும்: சில மார்கழிகளின் அனுபவம்

துருப்பிடித்த பழைய கருவிகளை மறுபடி வேலைக்குக் கொண்டுவர நான் நம்புவது எலுமிச்சை உப்பைத்தான். சிட்ரிக் ஆசிட் என்று கேட்டாலும் மளிகைக் கடையில் தருவார்கள். 2022 அரையாண்டு விடுமுறையில் தொடங்கியது, காரிமங்கலம் வீட்டுப் பின்பக்க ஷெட்டில் ஒவ்வொரு மார்கழியும் தொடர்கிறது. தாத்தாவின் தச்சுப் பெட்டியில் கிடந்த உளிகள், இழைப்புளி, வாய்ச்சி, அப்புறம் காட்டு வேலைக்கான கொடுவாள், களைக்கொட்டு, மம்மட்டி எல்லாம் அந்த வாளிக்குள் இறங்கி எழுந்தவைதான். தேய்த்த அன்றைக்கு எந்த இரும்பும் பளபளக்கும். அடுத்த மழைக்காலம் தாண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இவ்வளவு நாள் பொறுத்திருந்தேன்.

அளவு, லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். பிளாஸ்டிக் வாளியே போதும். கருவியில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் முதலில் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் கரைசல் பிடிக்காது. உதிரும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஊறப்போடலாம். மேலோட்டமான துருவுக்கு மூன்று நான்கு மணி நேரம், தடித்துப்போனதற்கு ஒரு ராத்திரி. மார்கழிக் குளிரில் வேலை மந்தமாகத்தான் நடக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால் வேகம் பிடிக்கும். ஒரு நாளைத் தாண்ட விடக் கூடாது. துரு தீர்ந்த பிறகு ஆசிட் நல்ல இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

வெளியே எடுக்கும்போது இரும்பு கறுப்பாக இருக்கும். பயப்பட வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் போட்டால் அந்தக் கறுப்பு மை மாதிரி விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தாத்தாவின் முக்கால் அங்குல உளியை அப்படித் தேய்த்தபோது கழுத்துக்குக் கீழே நகத்தில் ஏதோ நெருடியது. இன்னும் கொஞ்சம் தேய்த்ததும் ஷெஃபீல்டு என்ற முத்திரை எழுத்து எழுத்தாகத் தெளிந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் அது இங்கிலாந்து உளி என்று தெரியாது. அரமோ கிரைண்டரோ வைத்திருந்தால் துருவோடு அந்த எழுத்தும் போயிருக்கும். ஊறவைக்கும் முறையை நான் விடாமல் பிடித்திருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

புளி போதாதா என்று கேட்பார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமே இல்லை, கேள்வி நியாயமானதுதான். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலமும் துருவைக் கரைக்கும். ஆனால் நிறையப் புளி வேண்டும், நேரமும் இழுக்கும், பிசுபிசுப்பைக் கழுவுவது தனி வேலை. பித்தளைக்குப் புளி, இரும்புக்கு எலுமிச்சை உப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். சலவை சோடாத் தண்ணீரில் பேட்டரி சார்ஜர் மாட்டித் துரு எடுக்கும் முறையும் நல்ல முறைதான், கருவி மைனஸிலும் துண்டு இரும்பு பிளஸ்ஸிலும் இருக்க வேண்டும். பிளஸ்ஸில் எவர்சில்வர் துண்டை மட்டும் மாட்டவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் விஷமாகித் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜனும் வரும் என்பதால் மூடிய அறையில் வேண்டாம்.

கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சமையல் சோடா கலந்த தண்ணீரில் ஒருமுறை முக்கி மிச்ச ஆசிட்டைப் போக்க வேண்டும். எங்கள் தெரு போர் தண்ணீர் உப்பு, அதில் அலசினால் கண்ணெதிரே செம்மஞ்சளாகத் துரு பூக்கும். கடைசி அலசலுக்குக் குழாயில் வரும் ஒகேனக்கல் குடிநீரைத்தான் எடுக்கிறேன். உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் பூசிவிட வேண்டும்.

இந்த எண்ணெய்தான் முக்கியம். துரு எடுப்பது ஒரு நாள் வேலை, வருஷம் முழுக்கக் காப்பது எண்ணெய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், இங்கே மார்கழி விடியலில் வெள்ளைத் திட்டாக நிற்கும், சீராகப் பரவாது. தினமும் கையில் எடுக்கும் உளிக்கு அது சரி. பெட்டியில் தூங்கப் போகும் கருவிக்கு மெஷின் ஆயில். மம்மட்டி, கொடுவாள் மாதிரி வெளியில் கிடப்பவற்றுக்குக் கடையில் கிடைக்கும் பாயில்டு லின்சீட் ஆயில், அதாவது ஆளி விதை எண்ணெய். மெல்லிசாகப் பூசி மிச்சத்தைத் துடைத்துவிட்டால் சில நாளில் காய்ந்து தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகும் என் மம்மட்டியின் தோள்பக்கம் சுத்தமாக இருக்கிறது. மண்ணில் உரசும் வாய்ப்பக்கம் மட்டும் திரும்பத் துருப்பிடிக்கிறது, அங்கே வேலை முடிந்ததும் துடைத்துப் பூசுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு எச்சரிக்கை: லின்சீட் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் நனைத்து வையுங்கள்.

கூர் தீட்ட கார்போரண்டம் கல் போதும். உளியின் முதுகைத் தட்டையாக்கிவிட்டு, வாயை 25 டிகிரி சாய்வில் பிடிக்க வேண்டும். கிரைண்டரில் வைத்தால் முனை நீலம் பூத்துவிடும், பூத்தால் அந்த இடத்துத் தோய்ச்சல், அதாவது பட்டறையில் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய கெட்டித்தன்மை, போய்விட்டது என்று அர்த்தம். கொடுவாளை நான் வீட்டில் தீட்டுவதோடு சரி. பாலக்கோட்டில் பட்டறை வைத்திருக்கும் கருமான் ஒருவர், "மினுக்குறது இருக்கட்டும் தம்பி, வாயில எஃகு மிச்சம் இருக்குதான்னு பாரு" என்பார். எஃகு தேய்ந்துபோனதை அவரிடமே கொடுத்துவிடுகிறேன்.

காம்புக்குப் புளிய மரம் அருமை, கெட்டி, எளிதில் பிளக்காது. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினாலும் சரி, ஊரில் வெட்டினாலும் சரி, நிழலில் நன்றாகக் காய்ந்த கட்டையாக இருக்க வேண்டும். பச்சைக் கட்டை சுருங்கினால் எந்த ஆப்பும் நிற்காது.

துத்தநாகம் பூசிய சாமான், ஸ்பிரிங், மெல்லிய ரம்பத் தகடு இவற்றை ஆசிட்டில் போடாதீர்கள். பூச்சு போய்விடும், கெட்டி எஃகு நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். சுத்தியல் தலையில் விரிசல் தெரிந்தால் யார் கைபட்டதாக இருந்தாலும் அடிக்க எடுக்க வேண்டாம், சில்லு தெறித்துக் கண்ணில் பாயும்.