திருகா, ஊசியா, ஜெட்டா?

"மைலேஜ் வேண்டுமா, இழுவை வேண்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் சின்னத் திருகில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துவிடுவார் மெக்கானிக். என் பழைய 100 சிசி வண்டிக்கு இந்த வைத்தியம் பலமுறை நடந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு நாள் கழித்து, சிக்னலில் பச்சை விழுந்ததும் வண்டி திணறும். ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சரில் படபடவென்று வெடிக்கும். கலவையில் பெட்ரோல் அளவுக்கு மீறிக் குறைந்துவிட்டதன் அடையாளம் அது.

கேள்வி என்னவோ சரியானதுதான். ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். இழுவை கூடுவது 13 பங்கை ஒட்டி. சிக்கனம் இருப்பது 15, 16 பக்கம்.

ஆனால் அந்தத் திருகின் ஆட்சி ஐட்லிங்கிலிருந்து ஏறக்குறைய கால்வாசி ஆக்சிலேட்டர் வரைதான். மைலேஜுக்காக அதைத் திருப்புவது, தலைவலிக்கு முழங்காலில் தைலம் தேய்க்கிற கதை. திருப்புகிற திசையும் எல்லா வண்டிக்கும் ஒன்றல்ல. திருகு ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருப்பும்போது காற்று கூடும். என்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். இது தெரியாமல் கை வைப்பவர்கள் உண்டு.

சாலையில் சீராகப் போகும்போது வேலை செய்வது பெரும்பாலும் கார்பரேட்டருக்குள் ஏறி இறங்கிப் பெட்ரோல் வழியைத் திறந்து மூடும் ஊசி. கால்வாசியிலிருந்து முக்கால்வாசி வரை அதன் எல்லை. ஊசியின் தலைப்பக்கப் பள்ளங்களில் ஒன்றில் மாட்டியிருக்கும் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே மாற்றினால் ஊசி தாழ்ந்து பெட்ரோல் குறையும். கீழே மாற்றினால் கூடும். கார்பரேட்டரைப் பிரிக்க வேண்டிய வேலை என்பதால் கடைகளில் இதைத் தவிர்க்கிறார்கள். என் ஓட்டு ஊசிக்குத்தான், அதுவும் ஒரே ஒரு பள்ளம். சில வண்டிகளின் ஊசியில் ஒரே பள்ளம்தான் இருக்கும். அங்கே மெல்லிய வாஷர் போட்டு உயர்த்தலாம், தாழ்த்த வழியில்லை.

மெயின் ஜெட், அதாவது பெட்ரோல் வரும் அளவான துளை, முழு ஆக்சிலேட்டருக்கானது. சைலன்சரையோ ஏர் ஃபில்டரையோ மாற்றாதவர் அதைத் தொடத் தேவையில்லை.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபின் கணக்கு இன்னொரு பக்கமும் சாய்கிறது. எத்தனால் எரிய 9 பங்கு காற்றே போதும். ஆகவே பழைய கார்பரேட்டரில் யாரும் தொடாமலேயே பெட்ரோல் குறைவான கலவையாகிவிடுகிறது. அதன்மேல் மைலேஜுக்கென்று இன்னும் குறைத்தால் என்ஜின் சூடேறும். யமஹா ஆர்எக்ஸ் 100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டியில் பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளவும் கூடும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் பெரும்பாலான புது வண்டிகளில் கார்பரேட்டருக்குப் பதில், கணினி அளந்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். ஆக்சிஜன் சென்சார் புகையைப் பார்த்துக் கலவையைத் தானே திருத்திக்கொள்கிறது. பெட்ரோல் அளவை மாற்றவென்று தனியே விற்கும் ட்யூனிங் பெட்டி முழு ஆக்சிலேட்டரில் இழுவை தரலாம். மைலேஜுக்காக அதை வாங்குவது வீண்.

எதை மாற்றினாலும் அரை மணி ஓட்டிவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள். இளம்பழுப்பு சரி, கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. என் வண்டியின் பிளக் இளம்பழுப்பாகவே இருந்தது. மைலேஜைத் தின்றுகொண்டிருந்தது உரசிக்கொண்டே ஓடிய பின்சக்கர பிரேக்.