ஊர்வீட்டுக் கொம்பியூட்டரும் ஒரு ஹார்ட்டிஸ்க் கேசிங்கும்

நல்லூர்த் திருவிழாவுக்கு ஊர் போகிறவர்களுக்குத் தேர், தீர்த்தம், காணி அலுவல் எல்லாம் முடிந்த பிறகும் வீட்டு மூலையில் ஒரு வேலை மிஞ்சிக் கிடக்கும்: பழைய துவாய் போர்த்திய டெஸ்க்ரொப் கொம்பியூட்டர். பிள்ளைகள் வெளிநாடு போன பிறகு அதை ஒருவரும் தொட்டிருக்க மாட்டார்கள். ஆனால் சாமத்திய வீட்டு வீடியோ, காணி உறுதியின் ஸ்கான், அப்பப்பாவின் அந்தியேட்டிக் கல்வெட்டு (நினைவு மலர்) எல்லாம் அதற்குள்தான். முழுப் பெட்டியையும் ஓட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகத் தேவையில்லை. உள்ளே இருக்கும் ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி ஒரு கேசிங்கில் (டிஸ்க்கை யூ.எஸ்.பியில் செருக உதவும் சின்னப் பெட்டி) போட்டு, கொண்டுபோன லப்ரொப்பில் செருகினால் அரை நாளில் வேலை முடியும்.

கடைக்குப் போவதற்கு முன் பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். சுவர்ப் பிளக்கைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்துச் செக்கன் அழுத்திப் பிடித்து, பிறகு விறாந்தைக்குக் கொண்டுவந்து திறப்பது நல்லது. தூசி மட்டுமென்றால் பரவாயில்லை. எறும்புக் கூடும் பல்லி முட்டையும் கூட இருக்கும். பின்பக்கத்து இரண்டு ஸ்குறூவைக் கழற்றினால் பக்கத் தகடு பின்னோக்கி வழுக்கி வரும். ஹார்ட்டிஸ்க்கை இரு பக்கமும் இரண்டிரண்டாக நான்கு ஸ்குறூ பிடித்திருக்கும். சில பெட்டிகளில் மறுபக்கத் தகட்டையும் கழற்றினால்தான் அந்தப் பக்கத்து இரண்டும் தெரியும். சாட்டா வயரை (புதிய வகை டிஸ்க்குகளின் மெல்லிய இணைப்பு வயர்) நேராகத்தான் இழுக்க வேண்டும். ஆட்டி ஆட்டி இழுத்தால் டிஸ்க் பக்கத்திலுள்ள மெல்லிய பிளாஸ்டிக் நாக்கு உடைந்து வயருக்குள்ளேயே நின்றுவிடும்.

மெல்லிய ஏழு பின் வயரும் அகலமான பதினைந்து பின் பவர் வயரும் வந்தால் அது சாட்டா. அகலமான சாம்பல் நிற நாடா வயரும் நாலு பின் தடித்த பவர் பிளக்கும் வந்தால் அது ஐ.டி.ஈ. என்ற பழைய இணைப்பு வகை. சாட்டா 2003இல் வந்தது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் ஐ.டி.ஈ. பெட்டிகள் விலைப்பட்டபடியால், வாங்கிய ஆண்டை வைத்து ஊகிக்காமல் பின்னைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். டிஸ்க்கின் மேலுள்ள லேபிளையும் பின்பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போனால் பாதிப் பேச்சு மிச்சம்.

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் சாமான் என்றால் ஸ்ரான்லி வீதிப் பக்கம் போகலாம். பல்கலைக்கழகத்தை அண்டித் திருநெல்வேலியிலும் கடைகள் உண்டு. வெறுமனே "கேசிங்" என்று கேட்டால் கொம்பியூட்டரின் வெளிப்பெட்டியைக் காட்டுவார்கள். "தம்பி, மூன்றரை இஞ்சி சாட்டா ஹார்ட்டிஸ்க் போடுற கேசிங், அடப்ரரோட" என்று கேட்டால் குழப்பம் வராது. கண்ணுக்கு முன் தொங்குவது பெரும்பாலும் லப்ரொப் டிஸ்க்குக்கான இரண்டரை இஞ்சிப் பெட்டியாகத்தான் இருக்கும். டெஸ்க்ரொப் டிஸ்க் அதற்குள் போகாது, போனாலும் ஓடாது. இரண்டரை இஞ்சி டிஸ்க்குக்கு யூ.எஸ்.பியில் வரும் 5 வோல்ட் போதும். மூன்றரை இஞ்சிக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும். அதனால்தான் தனி அடப்ரர். ஐ.டி.ஈ. டிஸ்க் என்றால் கேசிங் தேடி அலையாமல், ஐ.டி.ஈ., சாட்டா இரண்டையும் யூ.எஸ்.பிக்கு மாற்றும் வயரை அடப்ரரோடு வாங்குவதே புத்தி. ஒரு தடவை கொப்பி எடுக்கிற வேலைக்குப் பெட்டி எதற்கு? ஐ.டி.ஈ. டிஸ்க்கின் பின்னால் உள்ள சின்ன ஜம்பரை (இரண்டு பின்களை இணைக்கும் மூடி) மட்டும் மாஸ்ரர் நிலையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்லேவ் நிலையில் விட்டால் பல வயர்களுக்கு டிஸ்க் தெரியாது.

டிஸ்க்கை இனிமேலும் வெளி டிஸ்க்காகப் பாவிக்கும் எண்ணம் இருந்தால் அலுமினியப் பெட்டியாகப் பாருங்கள். ஊர் வெக்கையில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் அரை நாள் கொப்பியில் 50 பாகையைத் தாண்டிவிடும். பிளாஸ்டிக்தான் கிடைத்தது என்றால் மூடியைப் போடாமல், மேசையில் ஃபானுக்குக் கீழே வைத்து வேலையை முடிக்கலாம். மெத்தையில் மட்டும் வைக்கவே கூடாது. பெட்டியில் யூ.எஸ்.பி 3.0 என்று போட்டிருக்க வேண்டும். 2.0 பெட்டியில் செக்கனுக்கு 30 மெகாபைட் அளவுதான் போகும். 500 ஜீபி டிஸ்க்கை முழுதாக எடுக்க நாலரை மணித்தியாலத்துக்கு மேல். 3.0 பெட்டியில் அதே டிஸ்க் செக்கனுக்கு 100 மெகாபைட் கொடுத்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் முடியும். ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் என்றால் இரண்டிலும் நேரம் கூடும். பழைய 2.0 பெட்டிகளுக்கு இன்னொரு சிக்கல்: 2 ரெறாபைட்டுக்கு மேற்பட்ட டிஸ்க்கை அவற்றால் எண்ண முடியாது. 3 ரெறாபைட் டிஸ்க்கைப் போட்டால் 746 ஜீபி என்று காட்டும். டிஸ்க் பழுதில்லை, பெட்டிதான் பழசு.

எல்லாவற்றிலும் கூடிய சேதம் வருவது அடப்ரரால். மூன்றரை இஞ்சி டிஸ்க் சுழலத் தொடங்கும் முதல் சில செக்கன்களில் 12 வோல்ட்டில் 2 அம்பியருக்குக் கிட்ட இழுக்கும். ஓடத் தொடங்கிய பிறகு அதில் பாதியும் தேவைப்படாது. ஆகவே அடப்ரரில் 12 வோல்ட், 2 அம்பியர் என்று இருக்க வேண்டும். வீட்டில் இன்ரநெற் ரவுட்டருக்கு வந்த அடப்ரரும் அதே உருண்டை முனையோடுதான் இருக்கும். அதில் 12 வோல்ட், 1 அம்பியர் என்று எழுதியிருக்கும். சிலதில் 9 வோல்ட். அதைச் செருகினால் டிஸ்க் எழும்பப் பார்த்து, 'டிக்' என்று விழுந்து, திரும்ப எழும்பப் பார்க்கும். கேட்கிறவர் டிஸ்க் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவார்.

இதைவிட மோசமானது 19 வோல்ட் லப்ரொப் அடப்ரர். சிலவற்றின் முனை கேசிங்கின் துளைக்குள் அச்சொட்டாகப் போகும். போனால் கேசிங்கின் போர்ட் (சுற்றுப் பலகை) அந்த இடத்திலேயே கருகும். நல்ல காலமாக, பெரும்பாலான மூன்றரை இஞ்சி டிஸ்க்குகளில் பவர் பின்னுக்குப் பக்கத்தில் ஒரு காவல் டயோட் உண்டு. அது தன்னைச் சோர்ட் ஆக்கி மற்றதைக் காப்பாற்றும். அதன் பிறகு டிஸ்க் சத்தமே போடாது. போன் திருத்துகிறவர் யாராவது மீற்றர் வைத்து 12 வோல்ட் டயோட்டில் பூச்சிய ஓம் காட்டுகிறதா என்று பார்த்து, அதைக் கழற்றிவிட்டால் டிஸ்க் பல வேளைகளில் திரும்ப எழும்பும். காவல் இல்லாத டிஸ்க் என்பதால் உடனே கொப்பி எடுத்துவிட்டு ஒதுக்கிவைக்க வேண்டும். "அதே மொடல் டிஸ்க்கின்ர போர்ட்டை மாத்திப் போட்டால் சரி" என்று சொல்பவரிடம் கொடுக்க வேண்டாம். இப்போதைய டிஸ்க்குகளில் அந்தந்தத் தலைக்கும் தட்டுக்கும் உரிய அளவுகள் போர்ட்டிலுள்ள சிப்பில் எழுதப்பட்டிருக்கும். சிப்பையும் மாற்றாமல் போர்ட்டை மட்டும் மாற்றினால் டிஸ்க் வாசிக்காது.

கனடாவிலிருந்து கேசிங்கையே கொண்டுபோகிறவர்கள் அடப்ரரில் 100–240 வோல்ட் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊரில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். லண்டன் பிளக் புது வீட்டுச் சதுர முனைச் சொக்கற்றுக்கு அப்படியே போகும். பழைய வீட்டு உருண்டை மூன்று முனைச் சொக்கற்றுக்கு மாற்றுப் பிளக் வேண்டும். அது எந்த ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும். தளர்ந்த சொக்கற்றில் தீப்பெட்டிக் குச்சி செருகி இறுக்குகிற ஊர் வழக்கத்தை ஹார்ட்டிஸ்க்கில் காட்டக் கூடாது.

கரண்ட் விடயத்தில் பலருக்கும் தோன்றாத ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் லப்ரொப் பற்றரியில் ஓடிக்கொண்டிருக்கும். சுவரில் செருகிய கேசிங் மட்டும் நின்றுவிடும். எழுதிக்கொண்டிருந்த நேரமென்றால் கோப்பு அரைகுறையாகும், சில வேளை முழு டிஸ்க்கும் 'ஃபோமற் செய்யவா' என்று கேட்கும். திருத்த வேலைக்கான மின்தடை அறிவித்தல் பத்திரிகையில் வரும். நாளைப் பார்த்துத் தொடங்குங்கள். டெஸ்க்ரொப்போடு வந்த யூ.பி.எஸ். இன்னும் பற்றரி பிடித்தால் அடப்ரரை அதில் செருகலாம். 2022இல் பத்து மணித்தியாலத்துக்கு மேலாகக் கரண்ட் நின்ற நாட்களுக்குப் பிறகு பல வீடுகளில் ரவுட்டருக்கென்று ஒரு சின்ன 12 வோல்ட் யூ.பி.எஸ். இருக்கும். அதை நம்ப வேண்டாம், டிஸ்க் எழும்பவே அதில் அம்பியர் காணாது.

டிஸ்க் செருகியதும் 'ஃபோமற் செய்யவா' என்று விண்டோஸ் கேட்டால் வேண்டாம் என்று அழுத்திவிட்டு முதலில் வயரையும் அடப்ரரையும் மாற்றிப் பாருங்கள். பிறகு கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க்கின் உடல்நிலையைப் பார்க்கலாம். 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளிலும் பூச்சியம் என்றால் தட்டுகள் நலம். சி5இல் எண் இருந்தால் வாசிக்க முடியாமல் தவிக்கிற இடங்கள் உண்டு. நேரத்தை வீணாக்காமல் முக்கியமானதை முதலில் எடுக்க வேண்டும். சி7இல் மட்டும் எண் இருந்தால் அது பெரும்பாலும் எப்போதோ இருந்த பிழையான வயரின் கணக்கு. அதற்காக டிஸ்க்கைத் தூக்கி எறிய வேண்டாம். "அண்ணை, டிஸ்க் போட்டுது, ஒண்டும் செய்யேலாது" என்று கவுண்டரில் ஒரு நிமிடத்தில் தீர்ப்புச் சொன்னால், எந்தக் கேசிங்கில், எந்த அடப்ரரில் போட்டுப் பார்த்தார்கள் என்று கேளுங்கள். இன்னொரு பெட்டியில் போட்டுப் பார்க்காத தீர்ப்பை நான் தீர்ப்பாகவே எடுப்பதில்லை. ஆனால் நல்ல அடப்ரரிலும் டிஸ்க் ஒழுங்காக 'டிக் டிக்' என்று அடித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அது தலை பழுதான சத்தம். ஓட விட விட மிச்சமுள்ளதும் சுரண்டுப்படும்.

ஆயத்தமாகக் கடையில் வாங்கிய வெளி டிஸ்க்கை உடைத்து வேறு கேசிங்கில் போட நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வெஸ்டேர்ன் டிஜிட்டலின் மை புக் வகைகள் பலவற்றில் பெட்டியின் போர்ட்டே தரவைப் பூட்டி எழுதுகிறது, கடவுச்சொல் வைக்காவிட்டாலும்கூட. டிஸ்க்கை வெளியே எடுத்தால் வெற்று டிஸ்க்காகத்தான் தெரியும். பழைய போர்ட்டை எறியாதீர்கள்.

கொப்பி எடுக்கும்போது பழைய எக்ஸ்பி விண்டோஸில் படங்கள் இருக்கும் இடம் 'டொக்கியுமென்ட்ஸ் அண்ட் செற்றிங்ஸ்' என்ற கோப்புறைக்குள், பாவித்தவரின் பெயரில். அனுமதி இல்லை என்று சொன்னால் 'தொடர்க' என்பதை அழுத்தினால் திறக்கும். கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழி ஐகனாகக் கிடந்தால் அது அந்தக் காலத்துப் பென் டிரைவ் வைரஸின் கைவேலை. அவற்றை அழுத்தக் கூடாது. மறைந்த கோப்புகளையும் சிஸ்ரம் கோப்புகளையும் காட்டும்படி மாற்றினால் உண்மையான கோப்புறைகள் அப்படியே இருக்கும். விண்டோஸோடு வரும் ரோபோகொப்பி என்ற கொப்பிக் கட்டளையைப் பாவிக்கிறவர்கள் மறுமுயற்சி எண்ணிக்கையை 1 ஆக்கிவிட வேண்டும். விட்டால் ஒரு பழுதான படத்துக்காக 10 லட்சம் தடவை, ஒவ்வொரு தடவையும் 30 செக்கன் காத்திருக்கும், விசா முடிந்துவிடும். கோப்புகள் போய்ச் சேரும் டிஸ்க் ஃபற்32 என்ற பழைய ஃபோமற்றில் இருந்தால் 4 ஜீபிக்கு மேற்பட்ட கோப்பு போகாது. மினி டீ.வீ. (MiniDV) என்ற பழைய வீடியோக் கமரா ரேப்பிலிருந்து இறக்கிய ஒரு மணித்தியால வீடியோவே 13 ஜீபி வரும். ஆகவே விண்டோஸ் வீடுகளுக்கு என்.டி.எஃப்.எஸ். ஃபோமற்; மக் கொம்பியூட்டர் பாவிக்கிறவர்கள் அதில் எழுத முடியாதபடியால் அவர்களுக்கு எக்ஸ்ஃபற். கரண்ட் போகிற ஊரில் என்.டி.எஃப்.எஸ்.தான் தாக்குப்பிடிக்கும்.

படமும் வீடியோவும் மட்டும் எடுத்துவிட்டு வருகிறவர்கள் விட்டுவிடுவது எழுத்துருக்களை. அந்தக் காலத்துத் தமிழ் ஆவணங்கள் பெரும்பாலும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத கொம்பியூட்டரில் திறந்தால் அப்பப்பாவின் பெயர் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழிக்கிறவர்களும் உண்டு. எழுத்தைத் தெரிவுசெய்து பாமினியாக்கினால் வாசிக்கலாம். இணையத்திலுள்ள மாற்றிகளில் ஒட்டினால் யூனிகோட் ஆகும். கல்வெட்டோ கோயில் மலரோ பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்யப்பட்டிருந்தால் சிக்கல் கூட. தலைப்புகளுக்கு வேறு வேறு எழுத்துரு போட்டிருப்பார்கள். ஒன்று குறைந்தாலும் பக்கம் சிதறும். ஆகவே விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள 'ஃபொன்ற்ஸ்' முழுவதையும் கொப்பி எடுத்து, கல்வெட்டு இருக்கும் கோப்புறைக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அந்தப் பெட்டி இன்னும் எழும்புமென்றால், டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன் அதிலேயே பீ.டி.எஃப். ஆக்கிவிடுவது இன்னும் நல்லது. எக்ஸ்பியில் அதற்குத் தனியாக ஒரு பீ.டி.எஃப். பிரின்ரர் மென்பொருள் போட வேண்டியிருக்கும்.

வாங்கிய கேசிங்குக்குப் பற்றுச்சீட்டும், பெட்டியில் ஒட்டிய வொரண்டி ஸ்ரிக்கரும் இருக்க வேண்டும். ஸ்ரிக்கர் கிழிந்தால் மாற்றித் தரமாட்டார்கள். திருப்பிக் கொடுக்கப் போவது ஊரில் இருக்கும் மச்சானோ சித்தியோ என்பதால் சீட்டை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

கொப்பி எடுத்த டிஸ்க் கைப்பையில் வரவேண்டும், சூட்கேஸில் போடக் கூடாது. பழைய டிஸ்க்கை ஊரிலேயே விடுவதென்றால் கேசிங்கோடு சேர்த்து ஒரு ரின்னுக்குள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இரண்டு போட்டு அலுமாரியில் வைக்கலாம். அடப்ரரைக் கேசிங்கோடு றப்பர் பான்டால் கட்டி, வெள்ளைப் பிளாஸ்ரர் ஒட்டி, "12 வோல்ட், 2 அம்பியர், ரவுட்டருக்குப் போடக் கூடாது" என்று பேனையால் தடித்து எழுதிவிடுங்கள்.