மூக்கோரப் புண்ணுக்கு எது: வாசலினா, தேங்காய் எண்ணெயா, விக்ஸா?

ஜலதோஷம் பிடித்து இரண்டு மூன்று நாளில் மூக்கோரம் சிவந்து, தோல் உரிந்து, முகம் கழுவினாலே எரியும். ஒழுகும் சளி தோலை ஊற வைக்கிறது. ஊறிய தோலைக் கைக்குட்டை தேய்த்து எடுத்துவிடுகிறது. ஆகவே பூசுகிற பொருள் ஈரம் தோலில் படாமல் தடுக்க வேண்டும், உராய்வையும் குறைக்க வேண்டும்.

இரண்டையும் நன்றாகச் செய்வது வாசலின்தான். வாசனை சேர்க்காத வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும். வெதுவெதுப்பான நீரில் மூக்கோரத்தைக் கழுவி, ஒற்றி எடுத்து, லேசான ஈரம் இருக்கும்போதே இரண்டு அரிசி அளவு எடுத்து மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் மெல்லப் பூசுங்கள். காய்ந்த பிறகு பூசினால் பலன் பாதிதான். அது ஈரம் தருவதில்லை, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கிறது. நாளுக்கு மூன்று நான்கு முறையும், படுக்கும் முன்பும் பூசலாம். மூக்குத் துவாரத்துக்குள் அப்ப வேண்டாம். நீண்ட நாள் உள்ளே பூசிக்கொண்டே இருந்தால், அபூர்வமாக, அந்தக் கொழுப்பு நுரையீரலுக்கு இறங்கி அழற்சி தரும். எண்ணெய், நெய் சொட்டுக்கும் இதே எச்சரிக்கைதான்.

தேங்காய் எண்ணெய் தோலுக்கு இதம், பெரும்பாலும் எரிச்சல் தராது. ஆனால் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் மூக்கோரத்தில் நிற்காமல் வழிந்து, ஒரு தடவை சிந்தினால் துடைபட்டுப் போய்விடும். வாசலின் பிசுபிசுப்பு பிடிக்காதவர்கள் பகலில் இதை அடிக்கடி தொட்டு வைக்கலாம்.

விக்ஸ் இந்தப் போட்டியிலேயே சேராது. அதிலுள்ள கற்பூரமும் மெந்தாலும் உரிந்த தோலில் பட்டால் எரிச்சல் கூடும். புண்ணிலும் மூக்குக்குள்ளும் போடக்கூடாது, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அறவே வேண்டாம்.

மூக்கின் உள்பக்கம் காய்ந்து பொருக்குத் தட்டினால் களிம்பை விட உப்பு நீர்ச் சொட்டு மேல். மருந்துக் கடையில் 0.65 சதவீத சோடியம் குளோரைடு சொட்டு என்று கேளுங்கள். வெறுமனே ‘மூக்கடைப்புச் சொட்டு’ என்றால் சைலோமெட்டாசொலினைக் கொடுத்துவிடக்கூடும்; அது உப்பு நீர் அல்ல, அடைப்பைத் திறக்கும் வேறு மருந்து. ஐந்து நாளுக்கு மேல் போட்டால் அடைப்பு திரும்பி வரும், உள்தோலும் வறளும்.

இனி துடைக்கும் துணி. எந்தக் களிம்பை விடவும் இதுதான் முக்கியம் என்பேன். மலிவான காகித நாப்கின் சொரசொரப்பானது. துவைத்துத் துவைத்து மென்மையான பழைய பருத்தி வேட்டித் துண்டு அதை விட நல்லது. ஆனால் கிருமி தங்கும் என்பதால் நாலைந்து துண்டுகள் வைத்து தினமும் கொதிநீரில் அலச வேண்டும். டிஷ்யூ என்றால் வாசனை இல்லாத, மென்மையான ரகம். எதுவானாலும் ஒற்றுங்கள், இழுத்துத் தேய்க்காதீர்கள். மூக்குத்தி போட்டவர்கள் அதன் அடியில் காயும் பொருக்கை உப்பு நீரில் ஊற வைத்து எடுக்கலாம். நகத்தால் கிள்ளினால் துளை புண்ணாகும்.

தேன் நிறத்தில் பொருக்கு படிந்து பரவினால் அது பாக்டீரியா தொற்றாக இருக்கலாம். வாசலின் அதை ஆற்றாது, மருத்துவர் ஆன்டிபயாட்டிக் களிம்பு எழுதித் தருவார். கடையில் தானாக வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு க்ரீம் முதலில் சிவப்பை அடக்கும், பிறகு தோலை மெலிய வைத்து வாயைச் சுற்றிப் பருக்களைக் கிளப்பும். குழந்தைக்கு ஒரே மூக்கில் மட்டும் நாற்றமடிக்கும் சளி வந்தால் களிம்பைத் தேடாமல் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளே மணியோ பட்டாணியோ சிக்கியிருக்கலாம்.